சிமெண்டு நீர்யானையும் முட்டளவு இன்னாசியும்

மூக்கன்தீவு உல்லாசப் பூங்காவில் பதினேழு வருசமாக வாயைப் பிளந்துகொண்டு நின்ற சிமெண்டு நீர்யானை, ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வாய்க்குள் கிடந்த ஐஸ்கிரீம் கப்புகளையும் கடலைப் பொட்டலக் காகிதங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, பீடத்தை விட்டு இறங்கி, ஊஞ்சல்களைச் சுற்றிக்கொண்டு, மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்த புல்தரையை மிதிக்காமல், நடைபாதை வழியாகவே நடந்து, உடை மாற்றும் அறைகளைத் தாண்டி, குளிக்கும் பகுதியில் போய்க் கடலுக்குள் இறங்கியது.

ஏன் இறங்கியது என்று கேட்டால் மூக்கன்தீவில் யாரிடமும் பதில் கிடைக்காது. வெயில், அவ்வளவுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே படகில் அரை மணி நேரம் போனால் வருகிற அந்தத் தீவில், மரம் என்று பார்த்தால் நாலு தென்னையும் பேருக்கு ஒரு பூவரசும் இருந்த அந்தப் பூங்காவில், வயிற்றில் "குப்பையை எனக்குக் கொடு" என்ற எழுத்தோடு பதினேழு கோடைக்கு வாயைத் திறந்து நின்றால் யாருக்கும் குளிக்கத் தோன்றும். டிக்கெட் கொடுக்கிற ரோணிக்கம்மாளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இருந்த வருத்தம் வேறு.

"பாக்குறதுக்கு ஒரு டிக்கெட்டு, குளிக்கிறதுக்கு ஒரு டிக்கெட்டு. இது பாட்டுக்குப் போய் இறங்குது பாருங்க சார்," என்றாள், மேலாளர் சங்கரபாண்டியனிடம்.

சங்கரபாண்டியன் எந்தச் சங்கடம் வந்தாலும் முதலில் தளவாடப் பதிவேட்டைத் திறக்கிற மனுசன். பூங்காவின் ஊஞ்சல், சறுக்கு, நாற்காலி, துடைப்பம் எல்லாம் அதில் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். குளிக்கும் பகுதியில் இருந்த பலகை, செல்லப் பிராணிகளை இறக்கக் கூடாது என்றது. பதிவேடோ, அதைக் 'குப்பைத் தொட்டி, சிமெண்டு, ஒன்று' என்றது.

"இது பிராணியில்ல ரோணிக்கம். தொட்டி. தொட்டி குளிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. தொட்டிக்கு டிக்கெட் கேக்கணும்னும் எழுதல," என்றார்.

சாயங்காலம் பூங்கா மூடுவதற்குள் நீர்யானை கரையேறி, நின்ற இடத்தில் போய் நின்று, வாயைப் பிளந்துகொண்டது. மறுநாள் பத்து மணிக்கு மறுபடி இறங்கியது. மூன்றாம் நாள் சங்கரபாண்டியன் ஒரு சுற்றறிக்கை அடித்துப் பீடத்தில் ஒட்டினார்: 'தளவாடங்கள் அனைத்தும் மாலை ஐந்தரை மணிக்குள் தத்தம் இடத்தில் இருத்தல் வேண்டும்.' அன்றிலிருந்து நீர்யானை ஒரு நிமிசம் பிந்தியதில்லை. அந்தச் சுற்றறிக்கையைப் பூங்காவில் மதித்து நடந்தது அது ஒன்றுதான் என்று சங்கரபாண்டியனே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் இருக்கட்டும், நாம் இன்னாசியைப் பார்ப்போம். ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் அவன்தான்.

இன்னாசி பர்னாந்து பூங்காவின் உயிர்காப்பாளன். நாற்பத்தோரு வயது, சிவப்புப் பனியன், கருநீல டவுசர், கழுத்தில் விசில், வாசற்படியை அடைக்கிற மாதிரி இரண்டு தோள்கள். அந்தத் தோள்களைப் பார்த்துத்தான் வேலையே கிடைத்தது. பதினோரு வருசத்துக்கு முன்னால் நடந்த நேர்காணலில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பேரையும் அப்பாவின் தொழிலையும் வாசித்துவிட்டு, "கடக்கரைக்காரன்கிட்டப் போயி நீச்சல் தெரியுமான்னு கேக்கச் சொல்லுது பாருங்க இந்த ஃபாரம்," என்று சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். மரியாதைக்கு இன்னாசியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை 'ஆம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்னாசிக்கு நீச்சல் தெரியாது. எட்டு வயதில் அப்பாவின் வள்ளத்தில் ஏறி, கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் குடலே வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்து, அதோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டவன் அவன். வலைக்கு முடிச்சுப் போடுவான், ஐஸ் உடைப்பான், ஏலத்தில் சத்தம் போடுவான். தண்ணீரில் மட்டும் இறங்க மாட்டான். கடற்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவனும் பதில் சொல்லவில்லை.

பிறகு எப்படிப் பதினோரு வருசம் ஓட்டினான் என்றால், விசிலால் ஓட்டினான். குளிக்க வருகிறவர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரைத் தாண்டி ஒரு அடி வைத்தால் போதும், அந்த விசில் கிழித்துக்கொண்டு கிளம்பும். "முட்டளவு, முட்டளவு, அதுக்கு மேல போவக் கூடாது" என்று கரையில் மேலும் கீழும் ஓடுவான். எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் கடலுக்குள் பள்ளம் இருக்கிறது என்பான், நீரோட்டம் இருக்கிறது என்பான், ரொம்ப எதிர்த்தால் பெயர் தெரியாத ஒரு மீன் இருக்கிறது என்பான். ஆரஞ்சு மிதவை கோத்த எல்லைக் கயிறு தூரத்தில் பாட்டுக்குக் கிடக்கும். அதைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து, செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, கடலில் குளித்துவிட்டோம் என்று போனார்கள். அதனால் பதினோரு வருசத்தில் ஒரு விபத்துகூட இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு கேடயமே கொடுத்தார்கள். அது சங்கரபாண்டியனின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஊரில் அவனுக்கு முட்டளவு இன்னாசி என்று பேர்.

ஊர் சிரித்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுடைய பயமெல்லாம் வீட்டில் இருந்தது.

அவன் மனைவி ஞானப்பூவுக்குச் சொந்த ஊர் விளாத்திகுளத்துக்கு மேற்கே கரிசல்காடு. அவளுடைய அப்பா கிணற்றில் மூழ்கி, விழுந்த வாளியும் குடமும் எடுத்துக் கொடுக்கிறவர். சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைப் போல மூச்சடக்குகிறவர் கிடையாது. ஒருநாள் செம்புக்குடம் எடுக்க உள்ளே போனவர், குடத்தைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டுத் தான் வரவில்லை. அதனால் ஞானப்பூ கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கருப்போ செவப்போ, படிச்சிருக்கோ படிக்கலையோ. தண்ணில சாகாத ஆளா இருக்கணும்."

தரகர் தொடையைத் தட்டினார். "கடல்ல விழுறவங்களத் தூக்கி வெளிய போடுறதுதாம்மா மாப்பிள்ளைக்கு உத்தியோகமே."

இன்னாசி தலையைக் குனிந்தான். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்து பத்து வருசம் ஆகிறது. அந்தப் பொய்யைத் தனியாக விட அவனுக்கு மனம் வரவில்லை போலும், சனிக்கிழமை தோறும் அதற்கு ஒரு துணை சேர்த்தான். ராத்திரிச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, இன்றைக்கு விருதுநகர்ப் புதுமாப்பிள்ளை ஒருத்தரை இழுத்துப் போட்டேன், போன வாரம் ஒரு பேங்கு மேனேஜரை, அதற்கு முன்னால் ஒரே அலையில் போன மாமியாரையும் மருமகளையும் ஆளுக்கொரு கையில், என்று சொல்வான். "வெளிய சொல்லிராத, பூங்கா பேரு கெட்டுரும்" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வான். ஞானப்பூ குழம்பை ஊற்றிக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். அந்த 'அப்புறம்' வருகிற வரைக்கும்தான் தன் குடும்பம் என்று இன்னாசிக்குத் தெரியும். உண்மை தெரிந்தால் அவள் கரிசல்காட்டுக்கே போய்விடுவாள் என்று நினைத்தான்.

நல்லவேளையாக ஞானப்பூ தீவுக்கு வந்ததே இல்லை. கூப்பிட்டவர்களிடமெல்லாம், "கெணத்துக்குச் சுத்துச்சுவரு இருக்கு, படி இருக்கு. இந்தக் கடலுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிடுவாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நீர்யானை இறங்கியது.

முதல் நாள் அது முழங்கால் தண்ணீரில்தான் நின்றது. இன்னாசிக்குக்கூட அதன்மேல் ஒரு பிரியம் வந்தது. இரண்டாம் நாள் ஒரு அடி தள்ளி நின்றது. மூன்றாம் நாள் இன்னொரு அடி. உடம்பெல்லாம் தண்ணீருக்குள், திறந்த வாய் மட்டும் மேலே. நம் சனங்களைச் சொல்ல வேண்டுமே, பதினேழு வருசமாகப் பக்கத்தில் நின்றபோது அதன் காலடியில் குப்பையைப் போட்டுவிட்டுப் போனவர்கள், அது கடலுக்குள் போனதும் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, தொடையளவுத் தண்ணீரில் தேடிப் போய் வாயில் போட்டார்கள். குப்பை இல்லாதவர்கள் கடலை வாங்கித் தின்று குப்பை உண்டாக்கிக்கொண்டு போனார்கள். திருச்செந்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வீட்டிலிருந்தே இரண்டு பை கொண்டுவந்தது. தீவு அந்த மாதிரிச் சுத்தமாக இருந்ததே இல்லை.

கரையிலிருந்து பங்குச்சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீர்யானைக்கென்று தனியாக ஜெபம் இல்லாததால், புது வள்ளத்துக்குச் சொல்கிற ஜெபத்தைச் சொல்லித் தண்ணீர் தெளித்தார். மறுநாள் கடையம் பக்கத்துப் பெண்கள் சிலர் அதன் காதில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொண்டார்கள். காது கேளாத ஒருவர் ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, காது கேட்கவில்லை, ஆனால் இடுப்பு வலி போய்விட்டது என்று சொல்லிப் போனார். அதற்குக் குளிர் தாங்குமா, உப்பு ஆகுமா என்று இரக்கப்பட்டுத் தலையில் எண்ணெய் வைத்தவர்களும் உண்டு. பத்தே நாளில் அது இறங்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. கடிகாரம் இல்லாதவர்கள் மட்டும், "ஆனை இறங்கிட்டு, பத்தாயிட்டு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

இன்னாசிதான் தவித்துப் போனான். சனங்கள் தொடைக்குப் போய்விட்டார்கள், இடுப்புக்குப் போய்விட்டார்கள், விசில் ஊதினால் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "குப்ப போடத்தான் அண்ணாச்சி போறோம்" என்றார்கள். நல்ல காரியத்துக்கு எப்படி விசில் ஊதுவது. கரையில் நின்று கத்தினால் காதில் விழாத தூரம். வேறு வழியில்லாமல் அவனும் தண்ணீருக்குள் நடந்தான். முதலில் டவுசர் ஓரம் நனைந்தது, அடுத்த வாரம் டவுசர் பாதி நனைந்தது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் மணலைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் அந்தோணியாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒருநாள் மத்தியானம் கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில், நீர்யானையின் காதருகே குனிந்து, "இந்தா பாரு. நீ எங்க வேணும்னாலும் குளி, நான் வேண்டாம்னு சொல்லல. கரைப் பக்கமா முட்டளவுல நின்னு குளிச்சா ஒனக்கு என்ன கொறஞ்சி போச்சி? எனக்குக் குடும்பம் இருக்குல்லா," என்றான். வாய் நிறையக் குப்பை இருந்ததால் அது பதில் சொல்லவில்லை. மறுநாள் இன்னும் ஒரு அடி தள்ளி நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவன் கதை சொல்லவில்லை. ஞானப்பூவும் 'அப்புறம்' கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நாளைக்கு நானும் வாறேன்," என்றாள்.

இன்னாசி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "எதுக்கு? ஒனக்குக் கடலப் பாத்தாலே ஆகாதே."

"ஊரே பாத்துட்டு வந்துருச்சு. நான் ஒருத்திதான் பாக்கல, அந்த ஆனைய."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வந்தாள். படகில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் துணிப்பையுமாக உட்கார்ந்து வந்து இறங்கினாள். பைக்குள்ளிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று, காலியாக, மூடி இறுக்கிப் பூட்டப்பட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்னத்துக்கு?" என்று கேட்டான் இன்னாசி.

"இருக்கட்டும். தேவப்படும்," என்றாள். குடிக்கத் தண்ணீர் பிடிப்பதற்குப் போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ரோணிக்கம்மாளிடம் பார்க்கிற டிக்கெட் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு, தென்னை நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, ஞானப்பூ நீர்யானையைப் பார்த்தாள். அதைவிட அதிகமாக இன்னாசியைப் பார்த்தாள். அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளை விரித்துக்கொண்டு, தண்ணீரின் ஓரத்தில் நடந்தான். நாலரை மணி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. இன்னும் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் பிழைத்தேன் என்று இருந்தான்.

நாலரைக்குத்தான் செல்லத்துரை அண்ணாச்சி வந்து சேர்ந்தார். நீர்யானையைப் பதினேழு வருசத்துக்கு முன்னால் பூங்காவுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். டியூப்லைட்டு கொடுத்தால் வெளிச்சம் மறைக்கிற அளவுக்குப் பேர் எழுதுகிற நாட்டில் நீர்யானையைச் சும்மா விடுவார்களா? அதன் இரண்டு விலாவிலும் 'உபயம்: சு. செல்லத்துரை, மங்கள் பாத்திர மாளிகை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மூன்று வாரம் கடலில் ஊறியதில் ஒரு பக்கத்தில் பேர் போய்விட்டது. இன்னொரு பக்கத்தில் 'உபய' மட்டும் நின்றது.

"ஊரு ஒலகமெல்லாம் வந்து படம் புடிக்கி. அதுல எம்பேரு இல்ல," என்று சங்கரபாண்டியனிடம் குறைப்பட்டுக்கொண்டார். கையோடு பெயிண்டரையும் போட்டோக்காரரையும் கூட்டிவந்திருந்தார். ஈரத்தில் பெயிண்டு பிடிக்காது என்று பெயிண்டர் கையை விரித்துவிட, அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். எழுத்து நிற்காவிட்டால் என்ன, ஆள் உட்காரலாமே. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, பெயிண்டர் தோளில் ஏறி, நீர்யானையின் முதுகில் போய் உட்கார்ந்தார்.

"ஏ தம்பி, எடு படத்த," என்றார்.

தம்பி கேமராவைக் கண்ணில் வைத்தார். நீர்யானை அண்ணாச்சியோடு கிளம்பிக் கடலுக்குள் போனது. இடுப்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, கால் தரையில் படாத இடத்தில் அது நீந்தியது. முந்நூறு கிலோ சிமெண்டு, உள்ளே கம்பி வேறு, தக்கைபோலப் போனது. பதினோரு வருசமாக ஒருவரும் தொடாத மிதவைக் கயிற்றை மூக்கால் தூக்கி, அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஏ, புடிங்கல. ஆராவது வந்து புடிங்கல," என்று அண்ணாச்சியின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

கரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இன்னாசியின் பக்கம் திரும்பினார்கள்.

இன்னாசி விசிலை ஊதினான். நீர்யானை திரும்பவில்லை. இன்னும் பலமாக ஊதினான். கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, பதினோரு வருசத்துக்கும் சேர்த்து ஊதிய ஊதலில் விசிலுக்குள் இருந்த குண்டு தெறித்துக் கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது. அவன் திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்தான். ஞானப்பூ எழுந்து நின்றிருந்தாள்.

இப்போது இரண்டு வழிதான் இருந்தது. நின்றால் ஒரு மனுசர் சாகிறார். போனால் தான் சாகிறான், தண்ணீரில், அவள் கண் முன்னால். இந்த நேரத்திலும் பொய்யோடு போய்ச் சேரக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. அது ஒன்றுதான் அந்த நேரத்தில் தெளிவாகத் தோன்றியது.

"ஞானப்பூ, எனக்கு நீச்சல் தெரியாது," என்று ஊர் கேட்கக் கத்தினான். "விருதுநகர் மாப்பிள்ளையும் இல்ல, மாமியார் மருமவளும் இல்ல. ஒருத்தரையும் நான் காப்பாத்தல. என்னய மன்னிச்சிக்க."

சொல்லிவிட்டு, ஓடி, இடுப்பளவில் நடந்து, நெஞ்சளவில் கையை வீசி, கழுத்தளவில் அந்தோணியாரைக் கூப்பிட்டு, அதற்கு மேல் அவனைக் காணோம்.

கரையில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. சங்கரபாண்டியன் பதிவேட்டைப் புரட்டினார். ரோணிக்கம்மாள் சிலுவை போட்டாள். ஞானப்பூ மட்டும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மணலில் ஓடிவந்தாள். தொடையளவுத் தண்ணீர் வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். கிணற்று நீச்சல் அது, பார்க்க அழகாக இருக்காது. தலையை மேலே வைத்துக்கொண்டு, காலால் தண்ணீரை மத்தால் கடைகிற மாதிரி அடித்துக்கொண்டு போகிற நீச்சல். இரண்டு முறை முங்கினாள். இரண்டாவது முறை எழுந்தபோது கையில் இன்னாசியின் முடி கொத்தாக இருந்தது, முடியோடு இன்னாசியும் இருந்தான்.

மணலில் குப்புறப் போட்டு முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். இரண்டு சாத்து தண்ணீர் வெளியே வருவதற்கு. மற்ற இரண்டும் அதற்கல்ல. இருமி முடித்து அவன் கண்ணைத் திறந்தபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டான். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"எங்க அப்பா சொல்லிக் குடுத்தது. நீங்க கேட்டதே இல்ல."

"நான் ஒன்ன ஏமாத்திட்டேன்."

"யாரு ஏமாந்தா?" என்று மூக்கைச் சிந்தினாள் ஞானப்பூ. "பத்து வருசமா ஒங்க டவுசரத் தொவைக்கிறவ நானு. ஒரு நாளாவது அதுல உப்புப் பூத்துருக்கா? விருதுநகர் மாப்பிள்ளையக் காப்பாத்துன அன்னைக்கும் இஸ்திரி மடிப்புக் கலையாமத்தான் வந்துச்சு."

இன்னாசி குனிந்து தன் ஈர டவுசரைப் பார்த்தான்.

"எங்க அப்பாவுக்கு நீச்சல் தெரியும். அதான் செத்தாரு. முட்டளவுக்கு மேல எறங்காத மனுசன் எந்தத் தண்ணில சாகப் போறாருன்னு, அந்தக் காஞ்ச டவுசரக் கொடில போட்டுட்டு, பத்து வருசமா நான் நிம்மதியாத் தூங்குனேன். போன வாரம் பாத்தா ஓரத்துல ஒரு வெரக்கடை உப்பு. அதுக்கடுத்த தொவைப்புல ஒரு சாண். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அதான் கண்ண மூடிக்கிட்டு படகுல ஏறி வந்தேன். எறங்காதீகன்னு சொல்லலாம், கேக்கலன்னா முதுகுல கேனையாவது கட்டிவிடலாம்னு வந்தா, ஏன் எறங்குனீக? யாரக் கேட்டு எறங்குனீக?"

அவனும் அழுதான். எவ்வளவு அழுதான், எவ்வளவு கடல்தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் செல்லத்துரை அண்ணாச்சியின் ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். மணி ஐந்து இருபது. நீர்யானை மிதவைக் கயிற்றை மூக்கால் தூக்கி, அடியில் புகுந்து, சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டுக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. முதுகில் அண்ணாச்சி, மாலை தொங்க, கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டிகூடப் பாதிதான் நனைந்திருந்தது. போட்டோக்காரர் அப்போதுதான் படம் எடுத்தார். அது இன்றைக்கும் பாத்திரக்கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் அண்ணாச்சி தியானத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறார்கள்.

நீர்யானை பீடத்தில் ஏறி வாயைப் பிளந்துகொண்டது. சங்கரபாண்டியன் விபத்து அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வருசத்தில் முதல் அறிக்கை. 'தண்ணீரில் மூழ்கியவர்' என்ற இடத்தில் 'உயிர்காப்பாளர்' என்று எழுத வேண்டும். 'காப்பாற்றியவர்' என்ற இடத்தில் 'உயிர்காப்பாளரின் மனைவி' என்று எழுத வேண்டும். பேனாவைக் கடித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேடயத்தைப் பார்த்தார்.

"சார், அந்தப் பிள்ள எடுத்தது பாக்குற டிக்கெட்டுல்லா," என்றாள் ரோணிக்கம்மாள், கதவோரம் நின்றுகொண்டு. "குளிக்கிற டிக்கெட்டு எடுக்கல."

சங்கரபாண்டியன் நிமிர்ந்தார். "அப்ப அவங்க தண்ணில இறங்கல."

"எப்படி இறங்க முடியும்?"

"இறங்கலன்னா யாரையும் காப்பாத்தியிருக்க முடியாது."

"முடியாதுல்லா."

"யாரையும் காப்பாத்தலன்னா இன்னாசி மூழ்கல." சங்கரபாண்டியன் பேனாவை மூடினார். "வே இன்னாசி, நாளைக்கு ஒரு புது விசில் வாங்கிக்கிடும்," என்று வெளியே பார்த்துச் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை. தீவில் ஆள் இல்லை. விடுமுறை பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லாததால் நீர்யானை வழக்கம்போலப் பத்து மணிக்கு இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னாசி இறங்கினான், கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளைகளைப் போல முதுகில் அந்த ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு. கேனிலிருந்து போன கயிற்றின் மறுமுனையை ஞானப்பூ தன் இடுப்பில் சுற்றியிருந்தாள். நீச்சல் தெரியாமல் இறங்குகிற ஆள் என்று ஆகிவிட்ட பிறகு தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். இடுப்பளவில் அவன் திரும்பிப் பார்த்தான். "நான் இருக்கேன், போங்க," என்றாள். நீர்யானை ஒரு அடி தள்ளிப் போய், இவன் வருகிற வரைக்கும் நின்றது.

ஆடி முடிவதற்குள் கேன் கழன்றது. ஆவணியில் இன்னாசி மிதவைக் கயிற்றைத் தொட்டான். அந்த வாரத்துச் சனிக்கிழமை ராத்திரி, சோற்றைப் பிசைந்துகொண்டே, பத்து வருசத்துப் பழைய ராகத்தில் ஆரம்பித்தான்: "இன்னைக்கு என்ன ஆச்சுன்னா, சாத்தான்குளத்துக்காரர் ஒருத்தர், கயித்துக்கிட்ட வழுக்கி..."

ஞானப்பூ குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு எழுந்து, கொல்லைக் கொடிக்குப் போனாள். கருநீல டவுசரைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஓரத்திலிருந்து இடுப்புப் பட்டி வரைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"அப்புறம்?" என்றாள்.